பின்னால் போகாத கார்

என் சித்தப்பா ஒரு காருக்குள் இறந்தார். அதை விபத்து என்று எவரும் சொல்லவில்லை. மாரடைப்பு என்றே மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுப் பூசையறையை ஒட்டியிருந்த கார்க் கொட்டகையில், ஒரு விஜயதசமி நாளின் மாலை நான்கு மணிக்குமேல் அது நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அமர்ந்து நான் பதிகம் பாடிக்கொண்டிருந்தேன். அவர் தட்டிய ஓசை எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சித்தியிடம் சொன்னேன். அந்தப் பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவர் கையால் உணவு உண்டு, அதே வீட்டில் ஏழு ஆண்டுகள் இருந்தேன்.

காரின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். அது விளங்காவிட்டால் நடந்தது விளங்காது.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற நாட்டில், விமானம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு இனி விமானம் செய்யக் கூடாதென்று தடை வந்தது. மெல்லிய தகட்டை வளைக்கவும் கண்ணாடியைக் குவிக்கவும் தெரிந்த கைகள் வேலையின்றி நின்றன. மக்களிடமோ கார் வாங்கும் வசதி இல்லை. மழையில் நனையாமல் வேலைக்குப் போனால் போதும் என்ற நிலை. அந்த இரண்டு வறுமைகளுக்கும் பிறந்தது இந்த மூன்று சக்கரக் கார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஸ்கூட்டருக்கு உரியது போன்ற சிறிய எஞ்சின். உடம்பு முட்டை வடிவம். பக்கவாட்டில் கதவே கிடையாது. காரின் முகம்தான் கதவு. பீரோவைத் திறப்பதுபோல் முகத்தைத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்து, முகத்தை இழுத்துச் சாத்திக்கொள்ள வேண்டும். தலைக்குமேல் மட்டும் தகடு இல்லாமல் மடக்கக்கூடிய தார்ப்பாய் போட்டிருந்தார்கள்.

அதன் ஆயுள் மிகக் குறைவு. கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்த மக்கள் நான்கு சக்கரம் கேட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் இங்கிலாந்திலும் கொஞ்ச காலம் அதைச் செய்தார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி, பின்னால் போகும் கியர் இல்லாத மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம். அந்தச் சலுகைக்காக ரிவர்ஸ் கியரை வேண்டுமென்றே அடைத்து விற்றார்கள். சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கியது அவற்றுள் ஒன்று. அடையாற்றங்கரையில் குடியிருந்த ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் அதை வைத்திருந்தார். அறுபதுகளின் இறுதியில் அவர் ஊர் திரும்பியபோது, துறைமுகத்தில் வரைவாளராக வேலை பார்த்த என் சித்தப்பா அதை வாங்கி வந்தார்.

வாசலில் வந்து நின்ற வண்டியைச் சித்தி ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஆட்டோவப் பின்பக்கமா திருப்பி வெச்சா மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை நாள் சேத்து வெச்சீங்க?"

"நீ உள்ள ஏறி உக்காரு, அப்புறம் பேசு."

"ஏறதா? அது வாயத் தொறக்கறதப் பாத்தா முழுங்கிடும்போல இருக்கு."

அப்போது மூவரும் சிரித்தோம். என் தாய் தந்தையர் சிறுவயதிலேயே காலமானவர்கள். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியனாகச் சேர்ந்த பிறகும், வேறிடம் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்கு அதில் போனோம். பனகல் பூங்கா அருகே வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. துணிக்கடை முதலாளி, திருநெல்வேலிக்காரர், கடைவாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன சார்வாள், அவசரத்துல ஒரு சக்கரத்த வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்துட்டியளா?"

"அது தீபாவளித் தள்ளுபடியில போயிடுச்சு அண்ணாச்சி," என்றார் சித்தப்பா.

திரும்பும்போது முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் போக வழியில்லை. நானும் அவரும் இறங்கிக் காரைக் கையால் பின்னுக்குத் தள்ளினோம். கூட்டம் கைதட்டியது. சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பின்னால் போகாத கார் என்பது அன்று எங்களுக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் தார்ப்பாய்க் கூரை கிழிந்து ஒழுகத் தொடங்கியது. நீர் இறங்கி ஹாரனும் ஊமையானது, கடைசிவரை அதைச் சரிசெய்யவே இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனோம். அதை நடத்திய மெக்கானிக் நடுத்தர வயதுக்காரர். கிழிந்த துணியை எடுத்துவிட்டுத் தகரத்தை வெட்டி வளைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். இனி ஒரு சொட்டு இறங்காது என்றார். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே காரின் முகத்தைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மூஞ்சிலயே கதவ வெச்சிக்கீறான்! ரிவர்ஸும் கெடையாது. ஊட்ல எப்டி வுடுறீங்க?"

"கொட்டகைல. சுவரப் பாத்து."

"செவுத்தப் பாத்தா? முட்டிக்கினு நின்னுச்சுன்னா எப்டி சார் எறங்குவீங்க? பேசாம வெளியவே எறங்கிக்கினு, தள்ளிக்கினு போய்ப் பின்பக்கமா உள்ள வுட்ருங்க. கதவு ரோட்டப் பாத்துக்கினு இருக்கட்டும்."

சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். நான்தான் மறுத்தேன்.

கொட்டகையின் கிழக்குச் சுவரில் அம்பாள் படம் ஒன்றை மாட்டியிருந்தோம். அந்தச் சுவருக்கு மறுபுறம் பூசையறை. வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டால், புகைக்குழாய் அம்பாளுக்கு நேராக வரும். கோயிலில் சந்நிதிக்கு முதுகு காட்டாமல் பின்னடியாகவே நடந்து வெளியேறிப் பழகியவன் நான். நாள்தோறும் வழிபடும் இடத்துக்கு நேரே ஒரு வாகனத்தின் பின்புறத்தை நிறுத்திவைக்க என் மனம் இடம் தரவில்லை.

"உன் அம்பாளுக்கு சைலன்சர் புடிக்காதோ?" என்று கேட்டார் சித்தப்பா. அவர் கோயிலுக்கு வருவார், கும்பிடுவார், என் அளவுக்கு ஆழ்ந்தவர் அல்லர்.

"வேணாம் சித்தப்பா. முகத்தயே காட்டட்டும்."

"சரிடா. முகத்தயே காட்டிடுவோம்."

அதற்கொரு வழியும் நானே கண்டுபிடித்தேன். சுவரிலிருந்து கதவு திறக்கும் தூரம் விட்டு, முன்சக்கரங்கள் வந்து முட்டும் இடத்தில் இரண்டு செங்கற்களை வைத்தேன். கொட்டகையின் தரை கழுவும் நீர் வடிவதற்காகச் சுவர்ப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். செங்கல்லில் சக்கரம் முட்டியதும் அவர் எஞ்சினை நிறுத்துவார். முகத்தைத் திறந்து இறங்குவார். காலையில் இருவருமாகத் தள்ளித் தெருவுக்கு எடுப்போம். நாளடைவில் அவர் சுவரைப் பார்த்து ஓட்டுவதையே விட்டுவிட்டார். சக்கரம் செங்கல்லைத் தொடும் அந்தச் சிறு அதிர்வுதான் அவருக்கு நிறுத்தக் குறி.

எழுபதுகள் பிறந்து சில ஆண்டுகளில் அவருக்கு மார்வலி வந்தது. ஓய்வும் மருந்தும் போதும் என்றார் மருத்துவர். நான் ஒரு நேர்ச்சை செய்துகொண்டேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மாலை நான்கு மணிக்குப் பூசையறையில் அமர்ந்து, அவர் நோய் தீர வேண்டி ஒரு பதிகத்தை முழுமையாகப் பாடுவது. பத்துப் பாட்டு, பாடுவோருக்கு வரும் பயனைச் சொல்லும் பதினோராவது பாட்டு. அந்தக் கடைசிப் பாட்டையும் பாடினால்தான் பதிகம் நிறைவுறும். தொடங்கிவிட்டால் நடுவில் எழுவதில்லை, பேசுவதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் பதிகம் ஓதியவர்களின் வழக்கம். ஒருமுறை எனக்கு வந்த தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு தந்திச் சேவகர் பதினொரு பாட்டும் முடியும்வரை வாசலில் நின்றார். "நல்ல சேதியா இருந்ததால தப்பிச்சே," என்று சித்தப்பா வெகுநாள் கேலி செய்துகொண்டிருந்தார். ஆனால் அந்த வழக்கத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. நான் பாடும் வேளையில் வானொலியைக்கூடத் திருக மாட்டார்.

மண்டலத்தின் நாற்பதாம் நாள் ஆயுத பூசை. கொட்டகையைக் கழுவி, காரைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டேன். சுவரோரம் மாக்கோலம் போடவேண்டும் என்று சித்தி சொன்னார். கோலத்துக்கு இடைஞ்சலாக இருந்த இரண்டு செங்கற்களையும் எடுத்துக் கிணற்றடியில் வைத்தது நான். அன்று வண்டியை எடுக்கக் கூடாது என்பதால் அவற்றின் நினைவே வரவில்லை.

மறுநாள் விஜயதசமி. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தோம். "மூணோட முடிஞ்சுது, இதுல ஒண்ணுதான் இந்த வண்டியால எனக்கு லாபம்," என்று சித்தி நான்காவது பழத்தை எடுத்துக்கொண்டார். சித்தப்பா தனியாகப் புறப்பட்டார். மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போய்விட்டு, மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. நான்கு மணிக்கு நான் அமர்ந்தபோது நல்ல மழை.

மூன்றாம் பாட்டில் இருந்தேன். கார் கொட்டகைக்குள் நுழையும் சத்தம் கேட்டது, எஞ்சின் நின்றது. வந்துவிட்டார் என்ற நிம்மதியோடு பாடினேன். நான்காம் பாட்டின் நடுவில், எனக்குப் பின்னாலிருந்த சுவரிலிருந்து தட்டும் ஓசை வந்தது. முதலில் சீரில்லாமல், விரைவாக. பிறகு அது என் பாட்டின் தாளத்தில் விழுந்தது.

மழை விடட்டும் என்று கொட்டகையிலேயே நிற்கிறார், சுவரில் கைவைத்து எனக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். என் பாட்டுக்கு அவர் அதற்குமுன் தாளம் போட்டதே இல்லை. எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. குரலை உயர்த்தினேன். ஐந்தாம் பாட்டைப் பண்ணோடு விரித்து, அடிகளை இரண்டு முறை திருப்பி, நிதானமாகப் பாடினேன். தாளம் கூடவே வந்தது. ஆறு, ஏழு. எட்டாம் பாட்டில் தளர்ந்து கேட்டது. ஒன்பதில் கேட்கவில்லை, மழை ஓங்கிப் பெய்தது. பத்தும் பதினொன்றும் பாடி, கற்பூரம் காட்டி, விழுந்து வணங்கி, திருநீறு இட்டுக்கொண்டு, அவருக்கென்று ஒரு சிட்டிகை கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

காரின் முகம், உள்ளிருந்து தட்டினால் சுவரே ஒலிக்கும்படி, சுவரோடு ஒட்டி நின்றது. முன்சக்கரங்கள் கோலத்தின்மேல் இருந்தன. உள்ளே கண்ணாடி முழுதும் மூச்சால் பனித்திருந்தது. பக்கத்திலிருந்த சிறிய நகர்த்து ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது. முழங்கைக்குமேல் அந்த ஜன்னலில் எதுவும் நுழையாது.

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் பின்னாலிருந்து இழுத்தோம். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வெளியே நிற்கும் ஒருவனுக்கு அது அவ்வளவு இலகுவான வண்டி.

மருத்துவர் வந்தார்; இதயம் நின்றுவிட்டது, எங்கிருந்தாலும் நின்றிருக்கும் என்றார். எல்லோரும் அதை நம்பினார்கள். உடலை நீராட்டியவர்கள் விரல்கணுக்களில் தோல் வழன்றிருந்ததைச் சித்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். காரியம் முடிந்த மறுநாள் காலை, சித்தி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, அவர் தட்டியிருக்கார்ப்பா. கை அப்படி இருந்துதாம். நீ சுவத்துக்கு இந்தாண்டதான இருந்தே. உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"இல்ல சித்தி. மழைல ஒண்ணும் கேக்கல."

"நிஜமா?"

"கேட்டிருந்தா எழுந்து வந்திருக்க மாட்டேனா?"

சித்தி என்னைப் பார்த்தார். "அதான. உனக்கே கேக்கலன்னா அவர் ரொம்ப நேரம் தட்டலன்னுதான அர்த்தம். சட்டுனு போயிட்டார். அது போதும்," என்றார். அந்த முகத்தில் ஓர் அமைதி வந்ததைக் கண்டேன். பொய்யைத் திரும்ப எடுக்க அதன்பின் எனக்குத் துணிவில்லை.

காரை ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். இழுத்துப்போக வந்தவர் கொட்டகைச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "இன்னா சார் பண்றது," என்று மட்டும் சொன்னார். பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி, இருக்கைக்கு அடியிலிருந்த ஒரு சிறு ஆங்கில நூலையும் என் கையில் கொடுத்தார். காரோடு வந்த வழிகாட்டி அது. நாங்கள் எவரும் அதைப் படித்ததில்லை. கதவு திறக்க முடியாமற்போனால் தலைக்குமேல் உள்ள துணியை மடக்கி அந்த வழியாக வெளியேற வேண்டும் என்று, படத்தோடு, அதில் போட்டிருந்தது. துணி ஏன் துணியாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நூலைச் சித்தியின் கண்ணில் படாமல் அடுப்பிலிட்டேன்.

மண்டலத்தில் மிஞ்சிய ஏழு நாட்களை நான் நிறைவேற்றவில்லை. பாடுவதை விட்டுவிடவும் இல்லை. வேறு பதிகங்கள் பாடினேன், கோயிலில், பலரோடு சேர்ந்து. தனியே ஒரு சுவருக்கு முதுகு காட்டி அமர்ந்து பாடுவது மட்டும் இயலாமற்போயிற்று. மார்கழியில் சபாக் கச்சேரிக்குப் போவேன். பாடகர் கீர்த்தனையைத் தொடங்கியதும் அரங்கில் நூறு கைகள் தொடையில் விழத் தொடங்கும். எழுந்து வந்துவிடுவேன். வகுப்பில் மாணவர்கள் மேசையைத் தட்டினால் பின்னாலிருக்கும் சுவரைத் திரும்பிப் பார்ப்பேன். இறைவன் செவியில் என் பாட்டு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசிப்பேன். ஒருவர் நலம் பெறவேண்டிப் பாடிய பாட்டும், அதே ஒருவர் விடுவிக்கச் சொல்லித் தட்டிய தட்டும், ஒன்றாகத்தானே அங்கே கேட்டிருக்கும்?

அவர் ஏன் என் பெயரைச் சொல்லிக் கூவவில்லை என்பதும் விளங்கவில்லை. மூச்சு இல்லாமல் இருந்திருக்கலாம். மழையில் கூவியும் கேளாமல் இருந்திருக்கலாம். அல்லது, பாட்டு முடியட்டும், முடிந்ததும் வருவான் என்று, என் வழக்கத்தை அறிந்தவராய், தாளத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாரோ? நான் ஐந்தாம் பாட்டின் அடிகளை இரண்டு முறை திருப்பினேன்.

எழுபதுகளின் கடைசியில் சித்திக்குக் கண்ணில் புரை விழுந்தது. அறுவை செய்ய நாள் குறித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"தம்பி, எனக்காகவும் ஒரு மண்டலம் பாடேன்ப்பா. அவருக்குப் பாடினியே, அதே பதிகம். கண்ணு நல்லபடியா தெரியணும்."

"அது வேணாம் சித்தி. வேற பாடறேன்."

"ஏன், அது எனக்கு மனப்பாடம். நீ பாடப் பாட நானும் கூடவே சொல்லிக்கலாம்."

"முடியாது சித்தி."

"அவருக்குன்னா பாடுவே, எனக்குன்னா முடியாதா? சரி விடு."

அவருக்குப் பிள்ளையில்லை, எனக்குத் தாயில்லை. அந்த வருத்தத்தோடு அவரை அறுவைக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். தட்டியது கேட்டதை, தாளம் என்று எண்ணி மகிழ்ந்ததை, எழாமல் பாடி முடித்ததை, மறுத்துச் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அழுவார், ஏசுவார், வீட்டைவிட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கீரைக்காம்பைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது.

"தாளமா?"

"ஆமா சித்தி."

"அப்போ அது நீ போட்ட தாளம் இல்லியா?"

எனக்குப் புரியவில்லை.

"சமையல்கட்டுல இருந்தேன்ப்பா. என் காதுல விழுந்துச்சு. பண்டிகை நாளாச்சே, தம்பி இன்னிக்குத் தாளம் போட்டுப் பாடறான்னு நெனச்சேன். நீ கேக்கலன்னு சொன்னதும், அது உன்னோடதுதான்னு முடிவே பண்ணிட்டேன்."

என் நெஞ்சிலிருந்து நான் இறக்கிய சுமை எங்கே போய் உட்கார்ந்தது என்பதை அப்போதுதான் கண்டேன். சட்டென்று போய்விட்டார் என்ற ஒரு நம்பிக்கையில்தான் அவர் ஏழு ஆண்டுகள் உறங்கி எழுந்திருந்தார்.

"உனக்கு எந்தப் பாட்டு வரைக்கும் கேட்டுச்சு?"

"எட்டு."

அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. எட்டாம் பாட்டின் சொற்களை உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அடுத்ததையும் ஓட்டினார், அதற்கடுத்ததையும்.

"எட்டு இல்ல தம்பி. ஒம்பதுலயும் இருந்துச்சு. விட்டு விட்டு. பத்துல ஒரே ஒரு தடவ."

முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்போ அந்தப் பதினோராம் பாட்ட யாருக்குப்பா பாடினே?"

கோபம் இல்லை அந்தக் குரலில். தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். சித்தி மறுபடியும் கீரையை ஆயத் தொடங்கினார். மங்கிய கண்ணால் இலையையும் காம்பையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அமர்ந்து, காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.